குதிரைக்குத் தைத்த ஈரச் சட்டை

இந்த ஆம்பூரில் குதிரைக்கு ஈரச் சட்டை தைத்துப் போட்டவள் நான்தான். எனக்கு முன்னால் யாரும் போட்டதில்லை. பிறகு நாலைந்து ஜட்கா வண்டிக்காரர்கள் போட்டார்கள். அவர்களும் என்னிடம் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டித்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டது. ஒரு பக்கம் எழுதினால் கை கடுக்கிறது. எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து அடுத்த பக்கம் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எங்களிடம் இருந்தது ஒரே குதிரை. பெட்டை. மைசூர்ப் பக்கத்துச் சந்தையிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு வந்தது. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ரயிலடியில் இறங்கும் தோல் வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டு வரைக்கும் போய் வரவேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த, தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி சாயபு அந்தச் சவாரி முழுவதையும் எங்களுக்கே விட்டிருந்தார்.

அந்தச் சவாரி கைவிட்டுப் போய்விட்டால் எங்கள் வீட்டுக்காரருக்கு மிச்சம் இருந்த வேலை ஒன்றுதான். அந்த ஷாப்பின் சுண்ணாம்புக் குழி. மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆள் உள்ளே இறங்கிப் புரட்டுகிற குழி. என் மாமனார் அதில் ஆயுசு பூராவும் நின்றவர். கடைசியில் விரலெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல், மாமியார்தான் ஊட்டிவிட்டாள். அதைப் பார்த்து வளர்ந்தவர், குழிக்குள் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துதான் ஜட்கா ஓட்ட வந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் நேராகப் பேசியது அது ஒன்றுதான்.

குதிரை வந்த இரண்டாவது கோடையில் அதற்கு வேர்வை நின்றுபோயிற்று.

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். குதிரைக்கு வேர்த்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். குளிர்ந்த ஊரில் பிறந்த குதிரை சில சமயம் நம் ஊர் வெயிலில் இப்படி ஆகிவிடும் என்று பிற்பாடு சொன்னார்கள். பேரணாம்பட்டிலிருந்து திரும்பி வந்து புங்க மரத்தடியில் நிற்கும். முதுகு பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்கும். கையை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி. மூக்கு விரிந்து விரிந்து மூடும். அரை நாள் ஆனாலும் மூச்சு அடங்காது. புல்லை முகர்ந்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

"இது நம்ம வெயிலத் தாங்காது மே," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "வாணியம்பாடியில ஒர்த்தன் கேக்கறான். குடுத்துட வேண்டியதுதான்."

"குடுத்துட்டு?"

அவர் ஷாப்பின் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மாசம் என் கையில வுடு மாமா. அதுக்கு வேர்க்கலன்னா இன்னா, நான் வேர்க்க வெக்கறேன்," என்றேன். அப்படிப் பேசுகிறவள்தான் நான், அப்போதும் இப்போதும்.

வெறும் தண்ணீரை மொண்டு ஊற்றினால் போதாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் முதுகிலேயே தங்கிச் சூடாகிவிடுகிறது. வளைந்த மூங்கில் பட்டையால் அதை வழித்துத் தள்ளிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். வழித்துத் தள்ளும் தண்ணீர் வெந்நீராக வந்து என் காலில் விழும். அது பச்சைத் தண்ணீராக வரும்வரை ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு சூடு மறுபடி ஏறாமல் இருக்கத்தான் சட்டை. சாக்கை இரண்டு மடிப்பாக வைத்து, நடுவில் வெட்டிவேரைப் பரப்பி, கோணூசியால் தைத்தேன். கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே துண்டு, வயிற்றின் கீழே இரண்டு முடிச்சு. நனைத்துப் போட்டுக் காற்று வரும் பக்கமாகக் குதிரையைத் திருப்பிக் கட்டிவிட்டு, பனையோலை விசிறியோடு பக்கத்தில் நின்றுவிடுவேன்.

தண்ணீர்தான் பெரும் பாடு. ஷாப்பைச் சுற்றியிருந்த கிணறு எல்லாம் கெட்டுவிட்டது. அந்தத் தண்ணீரைக் குதிரையும் முகராது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை உட்கார்ந்திருந்து மொள்ள வேண்டும். காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம். சோறு ஆக்குவதற்கு எடுக்கும் குடம் இந்தக் கணக்கில் இல்லை. அந்தக் கோடையில் என் இடுப்பில் குடம் பதிந்த இடம் காய்த்துப்போய்விட்டது.

சாக்குக்குப் பஞ்சமே இல்லை. ஷாப்புக்குப் பச்சைத் தோல் வந்து இறங்கும் சாக்குகள் மலையாகக் கிடக்கும். எங்கள் தெருவில் கதவுக்குப் படுதா அந்தச் சாக்கு, பிள்ளைக்குப் படுக்கை அந்தச் சாக்கு, மழை வந்தால் தலைக்குக் கொங்காணியும் அந்தச் சாக்குதான். தோல் கெடாமல் இருக்க உப்பை வாரிக் கொட்டி அனுப்புவார்கள். சாக்கை மூன்று தடவை அலசினால் உப்பு போய்விடும். நான் இரண்டு தடவை அலசினேன். மூன்றாவதுக்கு மறுபடி ஆற்றுக்கு நடக்க வேண்டும், கால் வரவில்லை. கேட்டவர்களிடம் மூன்று தடவை என்றே சொன்னேன்.

சட்டை வேலை செய்தது. ஐந்தாம் நாள் குதிரை, வந்து நின்று ஒரு நாழிகைக்குள் புல் கடித்தது. பத்தாம் நாள் மூச்சு சீராக வந்தது. இன்னொன்றும் செய்தது. சட்டையைப் போட்டதும் கழுத்தைத் திருப்பி அதன் ஓரத்தை நக்கும். நக்கிக்கொண்டே இருக்கும்.

"பாத்தியாடி, எங்குதிரைக்கு எஞ்சட்ட மேல எவ்ளோ ஆசைன்னு. முத்தம் குடுக்குது பாரு," என்று தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெட்கமில்லாமல் காட்டினேன்.

சாயபுவின் தம்பி ஒரு பயில்வான். விடியற்காலையில் தாலிம்கானாவில் குஸ்தி பழகிவிட்டு, உடம்பெல்லாம் மண்ணும் வேர்வையுமாக எங்கள் புங்க மரத்தடிக்கு வந்து சாய்வான். நல்ல பையன், வாய்தான் ஜாஸ்தி.

"இன்னாக்கா, குதிரைக்கு மட்டும் ராஜ வாழ்க்கையா? நானும் ஐநூறு தண்டாலும் பஸ்கியும் எடுத்துட்டு வர்றேன். எனுக்கு ஒரு சட்ட கெடையாதா?"

"நீ வண்டி இழுப்பியா தம்பி?"

"வண்டி இன்னா வண்டி, உங்க வூட்டுக்காரர முதுகுல தூக்கினே பேரணாம்பட்டு போறேன். தெச்சுக் குடு."

தைத்தேன். குதிரைச் சட்டையில் மிஞ்சிய சாக்கில், தோள் மூடுகிற அளவுக்கு ஒன்று. ஊற்றுத் தண்ணீரில் நனைத்து அவன் தோளில் போர்த்தினேன். கண்ணை மூடி, "ஆகா" என்றான். அடுத்த மூச்சில் துள்ளி எழுந்தான்.

"யா அல்லா! எரியுதுக்கா, எரியுது!" குஸ்தியில் தோள் உரசித் தோல் வழன்றிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

தெருவே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

"இவ்ளோ பெரிய ஒடம்ப வெச்சினு ஒரு சாக்குக்குக் கூவறியே. வாயில்லா ஜீவன் எப்பிடி நிக்குது பாரு. வெக்கமா இல்ல?"

"அதுக்குக் குதிரத் தோலுக்கா. எனுக்கு மனுசத் தோலு," என்று சாக்கை என் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது சேணம் பதிகிற இடத்தில் ஒரு கை அகலத்துக்கு மயிர் சாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தது. குதிரை ஒரு சத்தமும் போடவில்லை. முதுகுத் தோல் மட்டும் அலை அலையாகச் சிலிர்த்தது.

நான் சாக்கின் ஓரத்தை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. நக்கியது எதற்கு, பயில்வான் கத்தியது எதற்கு, எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. நனைய நனைய உப்பு இறங்கி, சேணத்தில் தேய்ந்திருந்த இடத்தைத் தின்றிருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். புண்ணைப் பார்த்தார், கீழே கிடந்த சட்டையைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். மஞ்சள் அரைக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சாயபுவே வந்தார், சவாரிக்குக் குதிரை ஏன் வரவில்லை என்று. தெரு ஜனம் சுற்றி நின்றது.

"இன்னாப்பா இது? முதுகு இப்பிடி ஆயிருக்கே?"

நான் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சேணம் ஒராஞ்சிடுச்சு சாயபு. நான்தான் கவனிக்கல."

ஜட்காக்காரன் ஒருவன் தன் சேணத்தால் தன் குதிரைக்குப் புண் வந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்வது எப்படிப்பட்டது என்று மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சமையல்காரன் தன் சோற்றில் கல் கிடந்தது என்று சபையில் சொல்வது மாதிரி. கூட்டத்தில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். அந்தச் "ச்சு" எனக்கு வந்திருக்க வேண்டியது.

"புண்ணு ஆற வரைக்கும் வேற ஜட்கா பாத்துக்கறேன்," என்றார் சாயபு. கெட்ட மனுஷன் இல்லை அவர். "சும்மா இருக்க வாணாம். குழியில ஆளு கம்மியா இருக்குது. வந்துடு."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர் சேணத்து மெத்தையைப் பிரித்து, நல்லாயிருந்த பஞ்சையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டுவிட்டு, வேறு பஞ்சு வைத்துத் தைத்தார். தெருவில் எல்லாரும் பார்க்கும்படி வாசலில் உட்கார்ந்துதான் தைத்தார். நான் அவருக்கு நூல் கோத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை.

மறுநாள் குழியில் இறங்கினார்.

பதினெட்டு நாள். வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைத்து நான் புண்ணைப் பார்த்துக்கொண்டேன். ஈ உட்காராமல் விரட்டினேன். சட்டையைப் பிரித்துப்போட்டு, என் பழைய புடவைகளைக் கிழித்து வேறொன்று தைத்தேன். முதுகு நடுவில் திறந்திருக்கும்படி, கழுத்துக்கும் பின்தொடைக்கும் மட்டும். குதிரை ஓடாமல் நின்றதில் அதற்குச் சூடே ஏறவில்லை. அது பாட்டுக்குப் புல் தின்றது. அவருடைய கைதான் நாளுக்கு நாள் வெளுத்து, ஊறி, நகத்தைச் சுற்றி வெடிக்க ஆரம்பித்தது. பத்தாம் நாள் சாப்பிடும்போது சாம்பார் பட்டு அவர் கை பின்னால் போனதைப் பார்த்தேன். என் மாமியார் அப்போது இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

புண் காய்ந்து புது மயிர் கிளம்பிய அன்று சாயங்காலம் அவர் கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அது சேணம் இல்ல."

"தெரியும் மே."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே சாக்க எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை. "தெரிஞ்சினே எதுக்கு எம்மேல சொல்லாம இருந்த? நாலு பேரு முன்னால நீ எதுக்கு ஏத்துக்கினே?"

"நீ ஊரெல்லாம் மூணு தடவ அலசினேன்னு சொல்லி வெச்சிருந்தியே," என்றார். "நான் போய் ரெண்டுதான்னு சொல்றதா? வுடு. எண்ணெய அந்தக் கட்ட வெரலுக்கும் வெய்யி."

வைத்தேன். அந்தக் கட்டை விரல் கடைசி வரைக்கும் பழையபடி ஆகவே இல்லை. துணி சுற்றிக்கொண்டுதான் கடிவாள வாரைப் பிடிப்பார். கேட்பவர்களிடம் வெயிலுக்கு வாரு சுடுகிறது என்பார்.

மறுநாளே சேணம் ஏற்றிச் சவாரி போனார். கோடை இன்னும் பாக்கி இருந்தது. பொழுது சாயும் நேரம் குதிரை திரும்பி வந்து புங்க மரத்தடியில் நின்றது, முதுகு காய்ந்து, மூக்கு விரிந்து. புடவைச் சட்டை மூடாத முதுகுக்கு, மளிகைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய புதுச் சாக்கு ஒன்று இருந்தது, உப்பே காணாதது. அதையும் ஆற்றில் மூன்று தடவை அலசி, ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஊற்றுக்குப் போனேன். இன்னும் மூன்று குடம் வேண்டியிருந்தது.