சத்தக்காரரின் ஒத்திகை

லேத் பட்டறைத் தெருவில் அவருக்குச் சத்தக்காரர் என்றுதான் பெயர். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். நாலு மெஷின் ஓடினாலும் அதற்கு மேலே கேட்பது அவர் குரல்தான். சபையில் ஜெபம் பண்ண எழுந்தால் மைக்கை நகர்த்தி வைத்துவிடுவார்கள். "ஒத்தக் கையால பட்டறையைத் தூக்கி நிறுத்துனேன் ஆண்டவரே" என்று தொடங்கி, அதற்கப்புறம்தான் ஸ்தோத்திரத்துக்கு வருவார். நிறுத்தியதும் பொய்யில்லை. அந்தத் தெருவில் வேறு யார் நிறுத்தினார்கள்?

அந்தக் குரலைத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தொண்டையில் புற்று. பத்து நாளில் ஆபரேஷன். உயிர் தங்கும், பேச்சு தங்காது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நாளையிலேர்ந்து நான் பேசப் போறதில்ல" என்றார்.

"இருக்கிற பத்து நாளாவது பேசித் தீத்துக்கலாமே. முப்பத்தாறு வருஷமா கேட்ட காதுதானே."

"புது மெஷினை வெறுமனே ஓட்டிப் பாக்காம எவனாச்சும் வேலையை ஏத்துவானா? அன்னைக்குப் போய் முழிக்கக் கூடாதும்மா."

மறுநாள் பட்டறையில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால் 'நிறுத்து', மூன்று தட்டினால் 'இங்கே வா'. "மெஷின் சத்தமே இப்பதான்யா காதுல விழுது" என்றார் மூத்த ஃபிட்டர். வேலை தடையில்லாமல் ஓடியது.

ஜெபம்தான் ஓடவில்லை. விடிந்ததும் முழங்கால் போடுவார். குரல் இல்லாமல் அந்தப் பட்டறைக் கதை அவருக்கே சப்பென்று இருந்தது. வேறு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. ஆறு நாள் வெறுமனே எழுந்துவிட்டார்.

ஏழாம் நாள், பேச்சுக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்து ஏதோ எழுதி மனைவி பக்கம் தள்ளினார்.

பயமா இறுக்கு.

பட்டறையில் லூசான போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் தினமும் சாக்பீஸால் அவர் எழுதுகிற ஒரே சொல் 'இறுக்கு'. கை அதைத்தான் பழகியிருந்தது.

"சின்ன 'ரு' போடணுங்க. பயத்தை என்ன, ஸ்பேனர் வச்சு இறுக்கச் சொல்றீங்களா?"

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தாள். குலுக்கல் நிற்காதபோதுதான் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் அவளும் முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, இவருக்குப் பயமா இருக்காம். எனக்கும்தான். இத்தனை வருஷத்துல இவர் இதை உங்ககிட்ட சொன்னதே இல்ல. கேட்டுக்கோங்க."

மீதி நாட்களில் காலை ஜெபம் அந்த ஒரு வரிதான். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுவண்டியில் படுத்திருந்தவரிடம் போதகர் குனிந்து, "ஐயா, கடைசியா ஒருதடவை நீங்களே வாய் திறந்து ஜெபம் பண்ணுங்களேன்" என்றார். வந்திருந்த சபையார் அந்தப் பெரிய குரலுக்காகத் தலை குனிந்து நின்றார்கள்.

அவர் சிலேட்டுக்குக் கை நீட்டினார். எழுதி மனைவியிடம் காட்டினார். அதே வரி, அதே பெரிய 'று'.

அவள் இந்த முறை திருத்தவில்லை. அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இறுக்கிட்டேங்க" என்றாள்.

"ஆமென்" என்றார் அவர். தெருவுக்கே கேட்ட குரல், அன்று பக்கத்தில் நின்ற நர்சுக்குக்கூடக் கேட்கவில்லை.