பறி கவ்விய வாய்

காலையிலிருந்து என் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ ‘ம்ம்’ என்பதுபோல ஒரு சத்தம். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால் “புதுசா மாத்திடலாம்க்கா” என்பார். நானே ஃபேன் தூசியைத் துடைத்துப் பார்த்தேன், சத்தம் போகவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டில் கை வைத்ததும் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி ‘ம்ம்’.

அது எனக்குத் தெரிந்த சத்தம்.

அம்மா பழவேற்காட்டு ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறி அவள் பல்லில் தொங்கும். அதனால் பேச முடியாது. கரையிலிருந்து நான் “எம்மா” என்று கூப்பிடுவேன். “ம்ம்” என்பாள். ஐந்து வயதில் எனக்கு அது போதும்.

ஒருநாள் காற்று எதிர்த்து அடித்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. வெயிலில் கண்ணைக் கூசவைத்த தண்ணீரில் அவள் தலையும் தெரியவில்லை. அலறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன்.

“அழாதடி! இங்கதான கீறேன்!”

பேச வாயைத் திறந்ததில் பறி விழுந்து கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போனது. அம்மா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை, என்னைத்தான் தூக்கிக்கொண்டாள்.

தகட்டின் ஸ்க்ரூதான் லூசாகியிருந்தது. முடுக்கினேன். சத்தம் நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

“எம்மா” என்று கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டேன்.

“ம்ம்.”

பறியைக் கவ்விய முன்பற்கள் விழுந்து வருஷங்களாகின்றன. எனக்கு இப்போதும் அது போதும்.