யோகமலரின் முப்பத்தொரு செக்கன்

யோகமலர் ஒரு பிள்ளையை அரங்கேற்றத்துக்கு உடுத்தி விட்டால், அந்தப் பிள்ளை மூன்று மணித்தியாலம் குதித்தாலும் ஒரு மடிப்பு நழுவாது. கனடாவின் ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருடமாக இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அரங்கேற்றத்துக்கு அடிக்கிற அந்தப் பளபளப்பான புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். மிருதங்கம் யார், வயலின் யார், முகத்துக்குப் பூச்சுப் போட்டது யார், மண்டப வாசலில் கோலம் போட்டது யார் என்று எல்லாப் பெயரும் இருக்கும். உடுத்தி விட்டவளின் பெயர் இருக்காது. "அன்ரி வந்து ஒருக்கா உதவி செய்வா" என்பதோடு சரி.

கிழமை நாட்களில் அவள் அஜின்கோர்ட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிறாள். ஆள் கட்டை. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். கழுத்தில் தாலிக்கொடி, அதில் எந்த நேரமும் ஐந்து சட்டைப்பின் தொங்கும். கலியாண வீட்டில் யாருக்காவது சேலை கழன்றால் நேரே இவளிடம்தான் ஓடி வருவார்கள். இவளும் கொடியை வெளியே இழுத்து, சாவிக் கோர்வையில் திறப்புத் தேடுகிற மாதிரி ஒரு பின்னைத் தேடிக் கழற்றிக் குத்திவிட்டு, பேச்சை விட்ட இடத்தில் இருந்து தொடங்குவாள்.

அவளை நகரத்துப் பெரிய இசை அரங்குக்குக் கூட்டிப் போனவன் ஜூலியஸ். அவனுக்கு அங்கே உடுப்புப் பகுதியில் நிரந்தர வேலை. வெளியூரில் இருந்து வருகிற பாட்டுக்காரருக்கு உடுப்பை மடிப்புப் போக மினுக்குவது, மாட்டுவது, மேடைக்குப் பின்னால் நின்று மாற்றி விடுவது. சித்திரையில் அவனுடைய மகளுக்கு அரங்கேற்றம் நடந்தது. நடுவில் பிரதம விருந்தினர் பேச எழும்பினார். ரொறன்ரோவில் ஒரு பிரதம விருந்தினர் மைக்கைப் பிடித்தால் மூன்று உடுப்பு மாற்றித் தேத்தண்ணியும் குடிக்கலாம். அன்றைக்கு வந்த மனிசனுக்குப் பிளேன் பிடிக்கிற அவசரம். இரண்டு நிமிடத்தில் வணக்கம் சொல்லிவிட்டார். கைதட்டு ஓயவில்லை, பச்சையில் உள்ளே போன பிள்ளை சிவப்பில் வந்து நின்றாள். ஜூலியஸ் திறந்த வாயை மூடவில்லை.

"அக்கா, உதுக்குத்தான் எங்கடை இடத்திலை ஆள் தேடுகினம். ஆடி மாதம் ஒரு சோடி வருகுது. கன்ட்ரி பாட்டு, கௌபோய்த் தொப்பி போட்டுப் பாடுறது. புருசன் பெண்சாதி. சனி ஞாயிறு இரண்டு காட்சி. வாறியளோ?"

அந்தச் சோடி வெஸ்லி டன்மோர், கோரா டன்மோர். கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடம். அவருக்குத் தனிப் பேர், அவளுக்குத் தனிப் பேர். இந்த முறைதான் இரண்டு பேரும் ஒரே மேடையில் முப்பது நகரம் சுற்றுகிறார்கள். முதலில் அவர் பாடுவார், பிறகு அவள் பாடுவாள், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து.

யோகமலரின் புருசன் ஸ்ரீதரன் மிசிசாகாவில் விமான நிலையத்துக்கு லிமோசின் ஓட்டுகிறவர். கேட்டதும் சிரித்தார்.

"இஞ்சேரும், நீர் இனி மாட்டுக்காரருக்கும் உடுப்புப் போடப் போறீரோ?"

"அவை மாட்டுக்காரர் இல்லை, பாட்டுக்காரர். நீங்கள் என்னைக் கொண்டுபோய் விட்டிட்டுக் கூட்டிக்கொண்டு வாறதை மட்டும் பாருங்கோ."

சனிக்கிழமை மத்தியானம் கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். அவளுடைய முழுப் பெயர். கீழே 'உடுப்பு உதவியாளர்' என்று ஆங்கிலத்தில். யோகமலர் கழிவறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதை இரண்டு தரம் வாசித்தாள். கண்ணாடியில் எழுத்து மாறித்தான் தெரிந்தது. அதனால் என்ன. இருபத்திரண்டு வருடத்தில் அவள் செய்கிற வேலையையும் அவளுடைய பெயரையும் ஒரே கடதாசியில் யாரும் அடித்ததில்லை. இரண்டு நாளும் ஒழுங்காகச் செய்தால், அந்த அரங்கில் ஆள் தேவைப்படும்போது கூப்பிடுகிற பட்டியலில் அவள் பெயர் ஏறும் என்று ஜூலியஸ் சொல்லியிருந்தான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உடுப்புக்குப் பொறுப்பு வேரோனிக்கா என்ற வெள்ளைக்காரி. சோடியோடு ஊர் ஊராகப் போகிறவள்; அவள் சொன்னால்தான் அரங்கும் பட்டியலில் பெயர் ஏற்றும். கழுத்தில் நேரம் பிடிக்கிற மணிக்கூடு, முகத்தில் சிரிப்பில்லை. கோராவின் பாட்டு முடிந்து சேர்ந்து பாடுகிற இடம் வருகிறபோது, கறுப்பு உடுப்பைக் கழற்றிச் சிவப்புக் கவுனை மாட்ட வேண்டும். மேடைக்குப் பின்னால் நாலு பக்கமும் கறுத்த துணி கட்டிய ஒரு பெட்டி மாதிரி இடம். வெளிச்சத்துக்கு ஒரு சின்ன நீல ரோர்ச். நாற்பத்தைந்து செக்கன். அதுவரை வெஸ்லி தனியாகக் கிற்றார் வாசிப்பார்.

ஏழு மணிக்குக் கோராவுக்குக் கறுப்பு உடுப்பைப் போட்டு விட்டவள் யோகமலர். பின்கழுத்தில் தோள்துணி ஒரு விரல் அளவு தொங்கியது. கண் கண்டது, கை போனது. கொடியில் இருந்து ஒரு பின்னை எடுத்து உள்பக்கமாகக் குத்தினாள். வெளியே ஒரு பொட்டும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம், மூளையைக் கேட்டுக்கொண்டு வராது.

நீங்கள் அந்த உடுப்பைப் பார்த்தால் முன்னால் பொத்தான் பூட்டிய சட்டை என்றுதான் நினைப்பீர்கள். முன்பொத்தான் சும்மா தைத்தது. முதுகு நீளத்துக்குப் பிரஸ் பட்டன். பின்னால் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் முழுக்கப் பிரிந்து கையில் வரும். அன்றைக்கு வேரோனிக்கா இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். துணி கிழிந்த சத்தம் கேட்டது. கோரா இருட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். யோகமலருக்குத் தான் குத்திய பின் நினைவுக்கு வந்தது. தட்டித் தடவிப் பின்னைத் தேடிப் பிடித்துக் கழற்றினாள். ஆனால் நாற்பத்தைந்து எழுபத்திரண்டாகப் போய்விட்டது.

வெளியே பதினையாயிரம் சனத்துக்கு முன்னால் வெஸ்லி ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார். பிறகு வேறு வழி இல்லாமல் கதைக்கத் தொடங்கினார். முதல் முதல் கோராவைக் கூட்டிப் போக வந்த நாள், அவளுடைய வீட்டு வாசலில் வண்டிக்குள் நாற்பது நிமிடம் இருந்தாராம். அவள் உள்ளே சட்டை மினுக்கிக்கொண்டு நின்றாளாம். "அன்று தொடங்கின காத்திருப்பு" என்றார். "அவள் வெளியே வந்த எந்த நாளிலும், சும்மா காத்திருந்தேன் என்று எனக்குத் தோன்றியதில்லை." சனம் கூரை கிழியக் கத்தியது. கோரா சிவப்பில் ஓடினாள்.

காட்சி முடிந்ததும் வேரோனிக்கா கிழிந்த உடுப்பையும் பின்னையும் மேசையில் வைத்தாள். இதை யார் குத்தியது என்று கேட்டாள். பார்வை முதலில் போனது ஜூலியஸிடம். அன்றைக்கு உடுப்புகளைக் கொளுவி வைத்தவன் அவன்.

ஜூலியஸ் தமிழில் மெல்லச் சொன்னான். "அக்கா, வாய் திறவாதையுங்கோ. நான் நிரந்தரம். என்னை ஒண்டும் செய்யேலாது."

"உனக்கென்ன விசரே தம்பி?"

யோகமலர் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். "மை பின்" என்றாள். அதோடு விடாமல் தாலிக்கொடியை வெளியே இழுத்துக் காட்டினாள். அதே அளவில், அதே நிறத்தில் இன்னும் நாலு தொங்கியது. நீதிமன்றத்தில்கூட இப்படி யாரும் சாட்சியைத் தன் கழுத்தில் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

வேரோனிக்கா அந்த நாலு பின்னையும் பார்த்தாள். "உன்னுடைய மேடையில் உடுப்பு நிற்க வேண்டும். இங்கே உடுப்புக்குக் கழன்று போகத் தெரிய வேண்டும்" என்றாள். "நாளைக்கு நீ உடுப்புத் தோய்க்கிற இடத்தில் மட்டும் நில். உன் பெயரைப் பட்டியலில் போடுவதா என்று பிறகு பார்க்கலாம்."

ஞாயிறு காலை ஸ்ரீதரன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு சொன்னார். "தோய்க்கிறதுக்கோ அவ்வளவு தூரம் போறீர்? எங்கடை வீட்டிலையும் ஒரு கூடை கிடக்குது."

"பிழை என்ரை. அதை அங்கைதான் சரி செய்யவேணும்."

அவள் கொடியைக் கழற்றாமல், நாலு பின்னையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்ரீதரன் பகிடியை நிற்பாட்டிவிட்டார். கலியாணம் கட்டின நாளில் இருந்து அந்தக் கொடியைப் பின் இல்லாமல் அவர் கண்டதில்லை. "வெளிக்கிடும்" என்று கார்த் திறப்பை எடுத்தார்.

அன்றைக்குக் காட்சி மூன்று மணிக்கு. யோகமலர் ஒன்பது மணிக்கே போய்விட்டாள். தோய்த்தாள், காயப்போட்டாள், நாற்பது காலுறையைச் சோடி சேர்த்தாள். பிறகு வேரோனிக்காவிடம் கேட்டுக் கிழிந்த இடத்தைத் தைத்தாள். இரண்டு மணித்தியாலம். தைத்து முடிந்து பார்த்தால் எங்கே கிழிந்தது என்று கிழித்தவளுக்கே தெரியாது. அப்போதும் அவள் போய்க் குந்தவில்லை.

"ஜூலியஸ், அந்த மாத்து உடுப்பை ஒருக்காப் போடு."

"ஆர், நானோ?"

"வேறை ஆர்? சுவருக்குப் போட்டே பழகிறது?"

கோராவின் கறுப்பு உடுப்புக்கு மாற்றாய் வைத்திருந்தது ஜூலியஸின் தோளில் பாதிதான் ஏறியது. மீசையும் வயிறுமாக அவன் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, என்ரை மனிசி உதைக் கண்டால் இண்டைக்கே டிவோர்ஸ்."

"மூச்சை உள்ளுக்கு இழு. கதைச்சால் பட்டன் தெறிக்கும்."

பழக்கத்துக்கு எதிராகக் கையைப் பழக்குவது லேசில்லை. அவளுடைய கை இறுக்கவே போனது. இழுத்துச் சரி பார்க்க, மடிப்பை அமத்த, இன்னொரு முறை தொட. ஒவ்வொரு தரமும் கையைத் தானே திட்டினாள். முதல் தரம் ஐம்பத்தெட்டு. ஆறாவது தரம் நாற்பத்தாறு. விளக்கை அணைத்துவிட்டு இன்னும் பத்துப் பதினைந்து தரம். கடைசியில் முப்பத்தாறு. ஜூலியஸுக்கு வேர்த்து ஊற்றியது. திரும்பிப் பார்த்தால் வாசலில் வேரோனிக்கா. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. மணிக்கூட்டை ஒருக்காப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றேகாலுக்கு, வெஸ்லியின் முதல் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, திரும்பி வந்தாள். "கழுத்தைக் காட்டு" என்றாள். யோகமலர் கொடியை இழுத்துக் காட்டினாள். தாலி மட்டும் இருந்தது. வேரோனிக்கா நீல ரோர்ச்சை அவளுடைய கையில் வைத்தாள்.

"நேற்று நீ பேசாமல் இருந்திருக்கலாம். அவன் தன் தலையில் போட்டிருப்பான். எனக்கு அது தெரியும்" என்றாள். "இன்று இழுக்கப் போவது நீ."

கறுத்த துணிப் பெட்டிக்குள் யோகமலர் வாயில் ரோர்ச்சைக் கவ்விக்கொண்டு நின்றாள். வெளியே கோராவின் பாட்டு முடிந்து கைதட்டு எழும்பியது. துணி விலகியது. கோரா உள்ளே வந்து கையை விரித்தாள். யோகமலர் பின்னால் பிடித்து ஒரே இழுவை. பட்டன் எல்லாம் மழை விழுந்த மாதிரிப் பிரிந்தது. சிவப்புக் கவுன் தலைக்கு மேலால் போனது, முதுகு மூடியது, பாட்டுக் கேட்கிற காதுக் கருவியின் வயர் நேரானது. கவுன் தோளில் ஒரு நூலளவு சரிவு. யோகமலரின் கை எழும்பியது. நின்றது. தானே கீழே இறங்கியது.

"முப்பத்தொன்று" என்றாள் வேரோனிக்கா. நாற்பத்தைந்துக்குப் பதினாலு செக்கன் மிச்சம். "போகலாம், கோரா."

கோரா போகவில்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள், பொறு என்று. மற்றக் கையால் யோகமலரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வெஸ்லி வாசிப்பதை நிற்பாட்டி, நேற்றுச் சொன்ன கதையை இன்றும் தொடங்கியிருந்தார். வண்டி, வாசல், நாற்பது நிமிடம். நேற்று உடுப்போடு இழுபட்டதில் கோராவுக்கு அது பாதிதான் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு அவள் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் இல்லாமல் சிரித்தாள். கண்ணில் இருந்து தண்ணி வந்தது. பூச்சுக் கரையப் போகிறதே என்று யோகமலர் தன்னுடைய சட்டை நுனியால் ஒற்றி எடுத்தாள். வேரோனிக்காவின் மணிக்கூடு தன்பாட்டில் ஓடியது. நாற்பத்தைந்தும் தாண்டியது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

கதை முடிந்த பிறகுதான் கோரா மணிக்கட்டை விட்டாள். விட்டவள் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். "நேற்றைய பின்னுக்கு நன்றி." துணி விலகியது. வெளிச்சம். பதினையாயிரம் சனத்தின் சத்தம்.

காட்சி முடிந்து சாமான் கட்டுகிற நேரம் வேரோனிக்கா அரங்கின் பட்டியல் தாளை எடுத்து மேசையில் வைத்து எழுதினாள். யோகமலரின் முழுப் பெயர், எழுத்துக்கு எழுத்து கேட்டு. பக்கத்தில் 31. அதற்குப் பிறகு போன நேரத்தை அவள் எழுதவில்லை. "புரட்டாதியில் இந்த அரங்குக்கு என்னுடைய இன்னொரு குழு வருகிறது. வருவாயா?"

"ஓம்" என்றாள் யோகமலர், தமிழில். வேரோனிக்காவுக்கு விளங்கியது.

வெளியே பின்வாசலில் வெய்யில் இன்னும் இருந்தது. ஸ்ரீதரன் காரில் சாய்ந்து நின்றார். விமான நிலையத்தில் காத்திருந்து பழகின மனிசன், ஆனால் முகம் கடுகடு என்று இருந்தது.

"நாப்பது நிமிசம் நிக்கிறன். இரண்டு தரம் காரை எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள். நீர் உள்ளுக்கை என்ன செய்துகொண்டு நிண்டனீர்?"

யோகமலர் காரில் ஏறி ஆசனப் பட்டியைப் பூட்டினாள். சிரிப்பை அடக்க ஏலவில்லை.

"நாப்பதே? வடிவாய்ப் பாத்தனீங்களோ?"

"உதிலை சிரிக்க என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லை. இன்னும் கொஞ்சம் நிண்டு பழகுங்கோ. புரட்டாதியிலையும் கூப்பிட்டிருக்கினம்."

ஸ்ரீதரன் மற்றப் பக்கத்தால் ஏறினார். காரை எடுக்க முதல், சட்டைப் பையில் இருந்து நாலு பின்னையும் எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை ஸ்காபரோவில், ரூஜ் பக்கத்தில் ஒரு அரங்கேற்றம் இருந்தது.