மூன்று பீஸ்கட்டைகள்

மெஷினுக்குள் கை விடுவதற்கு முன் கரண்ட் பெட்டியிலிருந்து மூன்று பீஸ்கட்டைகளையும் பிடுங்கிப் பேன்ட் பையில் போட்டுக்கொள்வோம். கட்டை யார் பையில் இருக்கிறதோ அவன் வந்து மாட்டும்வரை மெஷினை யாரும் தொடக் கூடாது. ஃபிட்டர்கள் எங்களுக்குள் வைத்திருக்கும் வழக்கம் இது. பெட்டிக்கு ஒரு பூட்டு கொடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டோம். ஒரு கம்பெனியும் கொடுக்கவில்லை.

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் நானும் என் கூட்டாளியும் காண்ட்ராக்ட் ஃபிட்டர்கள். அவன் கனகசெட்டிக்குளத்துக்காரன், படகு இன்ஜினில் தொழில் பழகியவன். அன்று காலை ரோலர் ஒன்று கிறீச்சிட ஆரம்பித்தது. மெஷினை நிறுத்தினோம். அவன் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் குனிந்து, ரோலர்களுக்கு நடுவே வலது கையை விட்டான். நான் புது பேரிங் வாங்க ஸ்டோருக்குப் போனேன்.

பேரிங்கோடு திரும்பும்போது மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஓடினேன். அதற்குள் நிறுத்திவிட்டார்கள். அவன் கை மணிக்கட்டுவரை நசுங்கியிருந்தது.

சூப்பர்வைசர் பக்கத்து மெஷினின் கட்டைகளைப் பிடுங்கி இதில் மாட்டி ஓட விட்டிருந்தார். "கட்டைய எடுத்துக்கினு ரெண்டு பேரும் டீ குடிக்கப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்பா. லைன் நிக்குதுன்னு மேலேர்ந்து போன் மேல போன்" என்றார்.

குனிந்து ஒரு பார்வை பார்த்திருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நாங்கள் டீ குடிப்பது அவர் கண்ணை உறுத்தும், நாங்கள் மெஷினுக்கு அடியில் கிடப்பது மட்டும் தெரியாது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் ஒரு ரிப்போர்ட் டைப் செய்து தயாராக இருந்தது. மின்சாரத்தைத் துண்டிக்காமல் தொழிலாளி கவனக்குறைவாக வேலை செய்ததால் விபத்து என்று எழுதியிருந்தார்கள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த வரி அப்படியே நின்றுவிட்டால் கையும் போய், பழியும் அவன் தலையில்தான் விழும்.

ஆஸ்பத்திரியில் அவன் உடுப்பை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். பேன்ட் பையிலிருந்த மூன்று கட்டைகளையும் எடுத்து ரிப்போர்ட்டின் மேல் வைத்தேன்.

"துண்டிக்காமலா சார் இது அவன் பைக்குள்ள வந்துச்சு?"

மேனேஜர் ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கம்பெனிப் பொருளாச்சே. மெயின் கேட்டத் தாண்டி எப்படி வெளிய போச்சு?" என்றார்.

இருபது வருஷம் இந்தத் தொழிலில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நான் போட மாட்டேன் சார்" என்று எழுந்துவிட்டேன்.

"பரவால்ல. நீங்க போடணும்னு அவசியமில்ல" என்றார், ரொம்ப சாந்தமாக. பின்வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன். அதைச் சொல்லிக் கூட்டாளியைத் தேற்றலாம் என்று நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவன் பாதி மயக்கத்தில் இருந்தான். "காலையிலயே ஆபீஸ்லேர்ந்து வந்தாங்க. வைத்தியத்துக்குன்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க. படிக்கலாம்னுதான் பார்த்தேன், எழுத்தெல்லாம் ஆடுச்சு" என்றான்.

பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்தவன் அவன். எழுதும் கை கட்டுக்குள் இருந்ததால், இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.