இடப்பக்கம் தூங்கிய மீன்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து யுகேஜி பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்த பிறகு எங்கள் வகுப்பில் ஒரு தனி அமைதி வரும். ஜன்னலுக்கு வெளியே சிட்லபாக்கம் ஏரி வெயிலில் அசையாமல் கிடக்கும். எங்கோ ரயில் போகிற சத்தம் வந்து தேய்ந்துபோகும். அந்த நேரம் பார்த்துத்தான் மஹாலட்சுமி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவாள். யாரையும் எழுப்ப மாட்டாள். ஆண்டு விழாப் பாட்டைப் போனில் சன்னமாகப் போட்டு, பாய்களுக்கு நடுவே தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். முதல் வாரம் முழுக்க அவளுடைய டான்ஸ் வகுப்பு இவ்வளவுதான். ஒரு ஸ்டெப் கூடக் கிடையாது.

முதல் வருஷம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுகேஜி பி பிரிவு ரமா மிஸ்ஸுக்கு, அதாவது எனக்கு, கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் பள்ளி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். தூங்குகிற குழந்தைக்குப் பாட்டுப் போட்டு என்னத்தைக் கற்றுக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேவிட்டேன். பாட்டு தூக்கத்தில் உள்ளே இறங்கிவிட்டால் கால் தானாக எழுந்துகொள்ளும் என்றாள். உளறுகிறாள் என்று நினைத்தேன். மறு வாரம் பிள்ளைகளை நிற்கவைத்துப் பாட்டைப் போட்டதும், எந்த இடத்தில் மேளம் விழும், எந்த இடத்தில் பாட்டு மூச்சு வாங்கும் என்று அந்த வாண்டுகளின் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அன்றோடு என் வாய் அடைத்தது. பிறகெல்லாம் அந்த ஒரு வாரத்துக்காக வருஷம் பூராவும் நான் காத்திருக்க ஆரம்பித்தேன். பாட்டும் வெயிலும் குழந்தைகளின் மூச்சும் சேர்ந்து என்னையும் நாற்காலியிலேயே சொக்க வைத்துவிடும். அந்தச் சொக்கலில் வகுப்பறை மெதுவாக மிதப்பது போலிருக்கும்.

மஹாவுக்குக் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அவள் அம்மா முத்தாலம்மாள் கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அப்பா இல்லை. ஆண்டு விழா சீசன் வந்தால் மஹா வண்டலூர், தாம்பரம், சிட்லபாக்கம் என்று பள்ளி பள்ளியாகப் பஸ் பிடித்துப் போய் ஆடக் கற்றுக்கொடுப்பாள். சீசன் முடிந்தால் அம்மாவோடு மார்க்கெட்டில் உட்காருவாள். யாரிடம் கற்றாய் என்றால் சிரிப்பாள். டிவியைப் பார்த்துத்தான் அக்கா என்பாள்.

அவளுடைய ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. யுகேஜி பிள்ளைக்கு வலது எது, இடது எது என்று புரியவைப்பதற்குள் நமக்கு நரைத்துவிடும். அதனால் மஹா எதிரே நின்றுகொண்டு, தானே கண்ணாடியாகிவிடுவாள். பிள்ளைகள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் இவள் இடது கையைத் தூக்குவாள். பிள்ளைகள் வலப்பக்கம் நகர வேண்டுமென்றால் இவள் இடப்பக்கம் நகருவாள். எத்தனையோ வருஷங்களாக இப்படியே ஆடி ஆடி, அவள் உடம்புக்கு வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

ஆசிரியர் தினத்துக்கு ஒரு தடவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு. மஹாவையும் வற்புறுத்தி மேடையில் ஏற்றினோம். நாங்கள் வலப்பக்கம் போனால் அவள் இடப்பக்கம் போனாள். நாங்கள் திரும்பினால் அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். கடைசியில் பி.டி. மாஸ்டர் பூவராகன் மேல் போய் மோதியதில் அவர் விசிலோடு உட்கார்ந்துவிட்டார். அரங்கமே சிரித்தது. எனக்கும் ஆட வராதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என்னைச் சொன்னால் பொருந்தும். ஆனால் மஹாவுக்கு அப்படியா? அவளைப் போல ஆட இந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது. அதற்குப் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை.

அவளுடைய இடம் மேடைக்குக் கீழே. விழா அன்று மேடைக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவே இருட்டில் நின்று, பிள்ளைகளைப் பார்த்து முழு டான்ஸையும் ஆடுவாள். பிள்ளைகள் அவளைப் பார்த்து ஆடும். ஜனங்களுக்கு அவளுடைய கொண்டை மட்டும் தெரியும்.

இந்த வருஷம் அந்தக் கொண்டைக்குத்தான் வினை வந்தது. போன வருஷம் எடுத்த வீடியோ எல்லாவற்றிலும் குழந்தைகளுக்கு முன்னால் ஒரு கருப்புத் தலை குதித்துக்கொண்டிருக்கிறது என்று பெற்றோர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பித் தள்ளிவிட்டார்கள். கரஸ்பாண்டென்ட் கஸ்தூரிரங்கன் சார் மஹாவை அழைத்துச் சொன்னார். இந்த முறை மேடைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் தாங்களாக ஆடிவிட்டால் ஜூனிலிருந்து அவள் எங்கள் பள்ளிக்கு நிரந்தர டான்ஸ் டீச்சர். சொதப்பினால், அடுத்த வருஷம் மேடவாக்கத்தில் ஒரு கம்பெனியிடம் மொத்த விழாவையும் ஒப்படைத்துவிடுவார். மனிதர் கெட்டவர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர், அதுதான் பயம்.

நிரந்தர வேலை என்றால் மஹாவுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். சீசன் முடிந்த மறுநாள் மறுபடி மீன் கூடைக்குப் பின்னால் போய் உட்கார வேண்டாம். அங்கே யாரும் அவளை மிஸ் என்று கூப்பிடுவதில்லை.

ஆனால் அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. ஸ்டாஃப் ரூமில் யாருமில்லாத நேரத்தில் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, எங்கம்மா இந்த வாட்டி பாக்க வர்றேன்னு நிக்குது. நானு மேடையில ஆடுறேன்னுதான் அது நெனச்சுக்கினு கீது. மார்க்கெட்டு பூரா சொல்லி வச்சிருக்கு."

இத்தனை வருஷம் சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு முத்தாலம்மாள் வந்ததே இல்லை. வராத தைரியத்தில் இவளும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லித் தொலையேன், ஒரு நாள் அழுதுவிட்டுப் போகட்டும் என்றேன். தலையை ஆட்டினாள். சொல்லவில்லை.

உடை அளவு விஷயமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். மணலிலேயே வீடு. வெயில் தாழ்ந்து கடல் மேல் ஒரு மஞ்சள் வெளிச்சம் படர்ந்திருந்தது. மஹா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் டான்ஸை ஆடிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு இந்த வருஷம் மீன் வேஷம். அலை எழுந்து, மீன்கள் துள்ளி, வலைக்குத் தப்பித்து, கடைசியில் நிலா வந்ததும் எல்லா மீனும் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிப்போகும். முத்தாலம்மாள் ஒரு பலகையில் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து கருவாட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு ஓட ஓட, அவள் கருவாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்த வாக்கிலேயே மகளைப் போலக் கையை வீசினாள். மகள் இடது கையில் அலையை எழுப்பினால், எதிரே அம்மாவின் வலது கை எழுந்தது. தினமும் இப்படித்தான் என்றாள் மஹா. அம்மாவுக்கு ஒவ்வொரு அசைவும் மனப்பாடமாம். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை. அலைச் சத்தத்தில் பாட்டு பாதி கரைந்து, எது கடல், எது ஆட்டம் என்று தெரியாத ஒரு மயக்கத்தில் நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

விழா நாள் வந்தது. கடலில் காற்று சரியில்லை, படகு இறங்கவில்லை, மீனில்லை. ஆகவே முத்தாலம்மாள் மத்தியானமே வந்துவிட்டாள். மஞ்சள் பட்டுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். நாற்காலிகளைப் பார்த்தாள், பிடிக்கவில்லை போலும். நாற்காலிகளுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளுக்காக விரித்திருந்த ஜமுக்காளத்தில், மேடைக்கு நட்டநடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. நானும் போய் அழைத்தேன்.

"என் பொண்ணு ஆடப்போவுது டீச்சரம்மா. இங்கருந்தாதான் கால் தெரியும்."

மஹாவிடம் இதைச் சொல்லாமல் மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். பிள்ளைகளின் வாலைச் சரிசெய்து, ஒவ்வொன்றின் நெற்றியையும் தொட்டு மேடைக்கு அனுப்பினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய்க் கீழே நின்றுவிடாமல் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள்.

திரை விலகியது. நீல வெளிச்சத்தில் வெள்ளி மீன்கள் நின்றன. பாட்டு ஆரம்பித்தது.

ஒரு மீனும் அசையவில்லை. எல்லாம் மேடைக்குக் கீழே, மஹா எப்போதும் நிற்கிற இடத்தைப் பார்த்தன. அங்கே வெறும் தரை. திருதிருவென்று விழித்தன. ஓரத்தில் நின்ற மிருதுளாவுக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. முதல் அலை வரவேண்டிய இடம் வந்தது, போயிற்று. மஹாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. பாழாய்ப்போன வீடியோவுக்காக இந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்களே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அப்போது நடுவில் நின்ற ஸ்ம்ருதியின் கை மெல்ல எழுந்தது. இடது கை.

அதைத் தொடர்ந்து பக்கத்து மீனின் இடது கை. பிறகு எல்லாக் கைகளும். அலை எழுந்தது. மீன்கள் துள்ளின.

"போச்சுக்கா, தலைகீழாப் போடுதுங்க. எல்லாம் இடது" என்றாள் மஹா.

தலைகீழ்தான். ஆனால் ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை. வலப்பக்கம் போகவேண்டிய கூட்டம் ஒன்றாக இடப்பக்கம் போனது. வலையை ஒன்றாக இடப்பக்கம் ஏமாற்றியது. எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில் குத்திட்டிருந்தன. நான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன்.

ஜமுக்காளத்தில் முத்தாலம்மாள். மேடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, உலகத்தை மறந்து, கையை வீசிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் மகள் எதிரே உட்கார்ந்து வீசுவது போலவே. அவள் வலது கையைத் தூக்கினால், எதிரே நிற்கிறவரைக் கண்ணாடியாகப் பார்த்தே பழகிய பிள்ளைகள் இடது கையைத் தூக்கின. அவள் ஒரு பக்கம் சாய்ந்தால் மேடை முழுவதும் சாய்ந்தது. பாட்டு அவளுக்கும் தூக்கத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். அடுத்து என்ன என்று அவள் கை முன்கூட்டியே கிளம்பியது. தன்னைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. உட்கார்ந்திருந்தபடியால் ஒரு வீடியோவிலும் அவள் தலை விழவில்லை.

மஹாவும் எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். என் கையை விட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மேடையில் நடந்துகொண்டிருந்தது பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்த ஆட்டம் இல்லை. அவள் ஆடுகிற ஆட்டம். இருட்டில் நின்று, எல்லோருக்கும் முதுகை மட்டும் காட்டி, இடது கையில் இடது காலில் அவள் ஆடியே தீர்த்த அத்தனையும் அங்கே வெளிச்சத்தில், ஜனங்களின் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நான் அழுதேன், அதை மறைப்பானேன்.

நிலா வந்தது. வெள்ளி மீன்கள் ஒவ்வொன்றாக இடது கன்னத்தில் கைவைத்துத் தூங்கிப்போயின. திரைக்குப் பின்னால் மஹாவின் தலையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

கஸ்தூரிரங்கன் சார் பின்பக்கம் வந்து, யாரும் முன்னால் நிற்காமல் பிள்ளைகள் என்னமாய் ஆடிவிட்டார்கள் என்று மஹாவிடம் பூரித்தார். இந்த அசடு சும்மா இருக்கக் கூடாதோ! இல்லை சார், எங்கம்மாவைப் பார்த்துத்தான் ஆடினார்கள் என்றாள். நான் கிள்ளினேன். அவர் அதைப் பெரிய நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்து, ஜூனில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து சேரம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

முத்தாலம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். மஹா தலையைக் குனிந்துகொண்டாள். வேலை கிடைத்த சந்தோஷம் முகத்தில் இல்லை.

"அம்மா, நான் மேடையில ஆடலம்மா. எப்பவுமே ஆடுனது இல்ல. கீழ நின்னு சொல்லிக்குடுக்குறதுதான்."

முத்தாலம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடி ஒளர்ற? என் கண்ணால பாத்தேனே. அந்தக் கை உன் கை. அந்தக் கழுத்து உன் கழுத்து. வூட்டாண்ட நீ ஆடுவியே, ஒரு இம்மி மாறல. அத்தினி புள்ளைங்களும் நீயாத்தான் கீது."

மஹா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கனகாம்பரம் நசுங்கியது. முத்தாலம்மாள் அவள் முதுகைத் தட்டியபடி, இது ஏன் அழுகிறது என்று என்னைக் கண்ணால் கேட்டாள். பசி என்றேன்.

இரண்டு பேரையும் தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் அம்மாவுக்கு, தோளில் சாய்கிற இடம் மகளுக்கு. பஸ் கிளம்பும் முன்பே மஹா கண்ணை மூடிவிட்டாள்.

பிள்ளைகள் யாரைப் பார்த்து ஆடினார்கள் என்று முத்தாலம்மாளுக்கு இன்னும் தெரியாது. என் பொண்ணு மேடையில ஆடுச்சு, நான் பாத்தேன் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். போன வாரம் வஞ்சிரம் வாங்கப் போன என்னையே சாட்சிக்கு இழுத்தாள். ஆமாம், நானும் பார்த்தேன் என்றேன்.