புளிசாதத்தின் மேல் விழுந்த பழி

அந்த மார்கழியில் எங்கள் தாலுகா ஆபீசில் நடந்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்தவன் நான். அப்போது அங்கே டைப்பிஸ்ட். நீடாமங்கலத்திலிருந்து ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். சென்னையில் ஆட்சி மாறி, ஆபீஸ் சுவரில் படமும் மாறியிருந்தது. சம்பா அறுப்புக் கூலித் தகராறு மட்டும் மாறவில்லை. வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்றார்கள் மிராசுதார்கள். இறக்கிப் பாருங்கள் என்றார்கள் சங்கத்துக்காரர்கள். இரண்டு தரப்பையும் ஓர் அறையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது தாசில்தாருக்கு மானப் பிரச்சினை.

அன்றைக்கு அவருக்கு நல்ல காய்ச்சல்.

"லீவு போட்டுடுங்க சார்" என்றேன்.

"நான் படுத்தா வயல்ல அருவா விழும்யா" என்றார், இருமிக்கொண்டே.

தூறலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். உள்ளே இருபது பேர், நாலு மணி நேரம். தாசில்தார் உள்ளங்கையில் இருமுவார், அதே கையால் வரைவுத் தாளை இந்தப் பக்கம் கொடுப்பார், வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பார். பாரபட்சமே கிடையாது.

சாப்பாடு, ரயிலடியில் தனியாளாக மெஸ் நடத்திய ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். சங்கத் தலைவர் அதைத் தொடவில்லை. சர்க்கார் சோறு தின்றுவிட்டுக் கூலி கேட்க முடியாது என்று வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டு வந்திருந்தார். பெரிய மிராசுதாரும் தொடவில்லை. அவருக்குக் கார் போய் வீட்டுச் சாப்பாடு எடுத்து வந்தது. காரணம் வேறு வேறு, வீம்பு ஒன்றுதான்.

கூலி முடிவாகாமலே கூட்டம் கலைந்தது.

மூன்றாம் நாள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். காய்ச்சல், உடம்புவலி, தொண்டை எரிச்சல், அதோடு வாந்தி, பேதி. அரசு ஆஸ்பத்திரியில் சங்கமும் மிராசும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். முதலில், சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டார்கள். சாயங்காலத்துக்குள் மெஸ்காரம்மாதான் காரணம் என்று ஒத்துப்போய்விட்டார்கள். நாலு மணி நேரம் பேசியும் வராத ஒற்றுமை அது.

எனக்கும் போய்க்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே மெஸ்ஸுக்குப் போய், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கத்தினேன்.

"எத்தனை நாள் புளிக்காய்ச்சலும்மா அது?"

"அன்னைக்குக் காய்ச்சினதுதான் தம்பி. மிச்சத்தை நானும்தான் தின்னேன்" என்றார். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதை நானும் பார்த்தேன், அந்த அம்மாவும் பார்த்தார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசுப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"என்ன சாப்பிட்டீங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. யாரு சாப்பிடலைன்னு சொல்லுங்க" என்றார்.

சங்கத் தலைவரையும் மிராசுதாரையும் சொன்னேன். வார்டில் ரொம்ப மோசமாக இருந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

"நல்லாச் சாப்பிட்டும் ஒண்ணும் ஆகாதவங்க யாராவது?"

ஜீப் டிரைவர். மூன்று பொட்டலம் தின்றவர், கல்லுக்குண்டாக நடமாடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கூட்டம் நடந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. ஜீப்பில் படுத்திருந்தார்.

"பெரும்பாலும் சாப்பாட்டுக் கோளாறு அன்னைக்கோ மறுநாளோ தெரிஞ்சிடும். எல்லாருக்கும் மூணாம் நாள், அதுவும் இருமலோட வருமா? இது ஃப்ளூ காய்ச்சல். மூச்சு வழியாத் தொத்துற வைரஸ். நெஞ்சோட நிக்காது, சிலருக்கு வயித்தையும் சேர்த்துக் கலக்கிடும். குழந்தைங்களுக்குத்தான் அப்படி அதிகம். பெரியவங்களுக்கும் வரும்."

வார்டைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வைரஸ் இவர்களைக் குழந்தைகள் என்று சரியாகத்தான் எடை போட்டிருக்கிறது என்று தோன்றியது.

உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை அடிக்கடி குடிக்கச் சொன்னார். ஒரு வாரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

டாக்டர் சொன்னதைத் தாசில்தாரிடம் சொன்னேன்.

"என் இருமல்தான் காரணம்னு நானே கலெக்டருக்கு எழுதணுமா? உணவு சரியில்லைன்னு ஐயப்படுவதாக அடிங்க."

அடித்தேன். மூன்று நகல், ஒரு பிழைகூட இல்லாமல். ஆபீசுக்கு வரும் சாப்பாட்டை வேறு கடைக்கு மாற்றினார்கள். இதற்குள் மழையில் கதிர் சாயத் தொடங்கியது. அடுத்த கூட்டத்தில் அரை மணியில் கையெழுத்தாகிவிட்டது. மினிட்ஸில் 'சுமுகமாக' என்ற வார்த்தையையும் நான்தான் அடித்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மெஸ்ஸுக்குப் போனேன். மத்தியானமாகியும் இலைகள் கட்டுக் கட்டாக அப்படியே இருந்தன.

"தப்பு உங்க மேல இல்லம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க" என்றேன்.

"காகிதத்துல என்ன எழுதினீங்க?"

அடித்ததை அப்படியே சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை.

"அன்னைக்குக் கத்தினது நாலு பேருக்குக் கேட்டுச்சு. இதை மட்டும் ஏன் தம்பி இவ்வளவு மெதுவாச் சொல்றீங்க?" என்றார்.

பிறகு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். பக்கத்து ஸ்டூலில் ரயில்வே போர்ட்டர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடமாவது உரக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ரசம் ஊற்றத்தான் சொன்னேன்.