பாயின் மேல் சக்கரம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பேரை வளர்த்தவள். ஜப்பான்காரர்கள் டீ போடும் முறையைப் பார்க்க ஊரூர்க் குப்பத்திலிருந்து ஆட்டோவில் மயிலாப்பூர் வந்திருக்கிறேன். சக்கர நாற்காலிக்கும் வழி உண்டு என்று நோட்டீசில் இருப்பதைப் பேத்திதான் படித்துச் சொன்னாள்.

வழி இருக்கிறது. அந்தச் சரிவு முழுக்கச் செருப்பு. ஜப்பான் வழக்கப்படி வெளியே கழற்றச் சொன்னார்களாம்.

"இன்னாபா, செருப்பு ஏறிப் போறதுக்கா வழி வுட்டுக்கீறீங்க?" என்கிறேன் வாட்ச்மேனிடம்.

"கோச்சிக்காத ஆயா, தள்ளிடறேன். ஆனா உள்ள பாய் போட்டுக்கீது. சக்கரம் ஏறக்கூடாதுன்னு நடத்துற சாரு சொல்லிக்கீறாரு."

டீ போடும் ஜப்பான் அம்மாள் எட்டிப் பார்க்கிறாள். ஈரத்துணியோடு வந்து, மண்டியிட்டு, சக்கரங்களைத் துடைக்கிறாள். பிறகு தானே என்னைப் பாயின் மேல் தள்ளிக்கொண்டு போகிறாள். நடத்துகிற சார் ஒதுங்கி வழி விடுகிறார்.

உள்ளே எல்லாரும் முட்டி மடக்கிக் குதிகால் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். டீ என் கைக்கு வருவதற்குள் பாதிப் பேர் நெளிகிறார்கள். சார் கால் மரத்துப்போய், எழ முடியாமல் என் நாற்காலியைப் பிடிக்கிறார்.

"நல்லா புட்ச்சிக்க நைனா. என்து மரத்துப்போயி ஒம்போது வருசமாவுது," என்கிறேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிட்டியா கண்ணு? நோட்டீசைப் படிச்ச மாதிரி இதையும் படி, கேட்கிறேன். சார் பிடித்த இடத்தை மட்டும் விட்டுடாதே.